உங்களுக்குத் தெரியுமா? கிட்டாரைப் பேச வைப்பது வலது கை!

கிட்டார் கச்சேரிக்குப் போனால் உங்கள் கண் எங்கே போகும்? இடது கைக்குத்தான்! ஃப்ரெட் மேல் விரல்கள் ஓடுவதைப் பார்த்து வாயைப் பிளப்போம். ஆனால் கம்பியைத் தட்டி எழுப்புவது வலது கை. வேகம், தாளம், குழைவு, அதட்டல் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. அந்தக் கையைப் பற்றித் தோண்டித் தோண்டி எடுத்த சங்கதிகள் இதோ. ஒவ்வொன்றும் முத்து! (இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் கையை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.)

விரலை அசைக்கும் தசை விரலுக்குள் ஒன்றுகூடக் கிடையாது! எல்லாம் உள்ளங்கையிலும் முழங்கைக்குக் கீழே முன்கையிலும் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் இழுக்க, விரல் ஆடுகிறது. ஒரு மணி நேரம் வாசித்த பிறகு உங்களுக்கு வலிப்பது எங்கே? முன்கையில்தானே!

இப்போதே ஒரு சோதனை. உள்ளங்கையை மேசை மேல் கவிழ்த்து வையுங்கள். நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கிக்கொள்ளுங்கள். மற்ற விரல்கள் நீட்டியபடி இருக்கட்டும். இப்போது மோதிர விரலைத் தூக்குங்கள் பார்ப்போம்! பசை போட்டு ஒட்டியது போல அது கிடக்கும். பக்கத்து விரல்களின் நாண்களோடு அதன் நாண் கட்டுண்டு கிடப்பதுதான் காரணம். கிட்டார் வாசிப்பவர்கள் வேகமான ஸ்வர வரிசைக்கு ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் நம்புவது சும்மா இல்லை!

அந்த வழக்கத்தையும் ஒருவர் உடைத்தார். ஸ்பெயினின் நார்சிசோ யெபெஸ்! மோதிர விரலையும் சேர்த்து மூன்று விரலால் ஸ்வர வரிசையை ஓட்டினார். கிட்டாரில் அவருக்கு 10 கம்பிகள் வேறு!

பிரிட்ஜ் அருகே ஒரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் நடுவே எவ்வளவு இடம் தெரியுமா? 10 மில்லிமீட்டர் சொச்சம். அவ்வளவுதான்! உலகத்து பிக்கிங் வித்தை முழுவதும் இந்தச் சந்துக்குள்தான் நடக்கிறது.

மெட்ரோனோமை 120-ல் வைத்து, ஒரு தட்டுக்கு நான்கு நோட்டு வாசியுங்கள். நொடிக்கு 8 அடி! 180-க்கு ஏற்றினால் நொடிக்கு 12. ஒரே நிமிடத்தில் பிக் (மீட்டப் பிடிக்கும் சிறு தகடு) கம்பியைக் கடப்பது 720 தடவை!

கம்பியின் சரிபாதியில், அதாவது 12-வது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே மீட்டிப் பாருங்கள். இரட்டைப்படை ஹார்மோனிக்ஸ் அத்தனையும் காணாமல் போகும்! கிளாரினெட் மாதிரி உள்ளீடற்ற ஒரு நாதம் வரும். அதே கம்பியை பிரிட்ஜ் பக்கம் மீட்டுங்கள். சுள்ளென்று குத்தும்! கம்பியும் அதேதான், விரலும் அதேதான். கை நகர்ந்த தூரம் ஒரு சாண்!

அடுத்ததுதான் என் கண்ணைத் திறந்த சங்கதி. இதில் மட்டும் கொஞ்சம் நின்று போகலாம்.

கம்பிகள் இருக்கும் தளத்துக்கு இணையாக பிக் மேலும் கீழும் போனால் என்ன ஆகும்? மேலே போனாலும் பக்கத்துக் கம்பி இடிக்கும், கீழே வந்தாலும் இடிக்கும். சந்துக்குள் மாட்டிக்கொண்டு முழிக்கும்! ஆனால் பாதை ஒரு துளி சாய்ந்திருந்தால்? ஒரு பக்கம் போகும்போது மட்டும் பிக் கம்பிகளுக்கு மேலே எழும்பி வெளியே வந்துவிடும். அடுத்த கம்பிக்குத் தாவ அந்த நேரம்தான் வாய்ப்பு. அந்தச் சாய்வுதான் மொத்த ரகசியம்!

அமெரிக்க கிட்டாரிஸ்ட் ட்ராய் கிரேடி இதைக் கையும் களவுமாகப் பிடித்தவர். கிட்டார் மேலேயே கேமராவைப் பொருத்தி, வேகத்துக்குப் பேர்போனவர்களின் வலது கையை ஸ்லோ மோஷனில் படம் பிடித்தார். அதில் தெரிந்தது என்ன? வாசிப்பவர்களில் பலருக்கே தங்கள் கை என்ன செய்கிறது என்று முழுதாகத் தெரியவில்லை!

ஸ்வீடன்காரர் இங்வே மால்ம்ஸ்டீன், 1984-ல் ‘ரைசிங் ஃபோர்ஸ்’ ஆல்பத்தால் உலகத்தையே மிரள வைத்தார். அவர் கையின் கணக்கு என்ன? ஒரு கம்பியில் 2, 4, 6 என்று இரட்டைப்படையில் நோட்டு. டவுன் ஸ்ட்ரோக்கில் ஆரம்பித்தால் அப் ஸ்ட்ரோக்கில் முடியும். அவர் பிக் வெளியே எழும்புவதும் அப் ஸ்ட்ரோக்கில்தான்! அடுத்த கம்பி மறுபடி டவுன் ஸ்ட்ரோக்கில் தொடங்கும். தடங்கலே கிடையாது!

இப்போது 50 வருடம் பின்னால் போங்கள். 1934, பாரிஸ். ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசிக்கிறார். அவருடைய குழுவில் டிரம்ஸே இல்லை, எல்லாம் தந்தி வாத்தியம். ஓங்கி அடித்தால்தான் காதில் விழும்! மணிக்கட்டை வளைத்து, டவுன் ஸ்ட்ரோக் அடித்து, பிக் அடுத்த கம்பி மேல் போய் உட்காருகிறது. புதுக் கம்பிக்குப் போகும் ஒவ்வொரு முறையும் டவுன் ஸ்ட்ரோக்தான். அப் ஸ்ட்ரோக்கில் பிக் வெளியே எழும்புகிறது. அதே கணக்கு! மெட்டல் மன்னர் கையும் ஜிப்ஸி ஜாஸ் மன்னர் கையும் ஒரே சாய்வில்!

அந்த ஜாங்கோவுக்கு 1928 தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் கருகி முடங்கின. தனி வாசிப்பு முழுவதும் மீதி இரண்டு விரலால்! வலது கை மட்டும் அவரைக் கடைசி வரை கைவிடவில்லை.

ஒற்றைப்படைக் கணக்கும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஃபிராங்க் கம்பாலி அதற்கு ராஜா! ஒரு கம்பியில் 3 நோட்டு. கீழ், மேல், கீழ். மூன்றாவது அடி கீழே போகும் வேகத்திலேயே அடுத்த கம்பியையும் வருடிவிடும். இரண்டு கம்பிக்கு ஒரே வீச்சு!

இரட்டைப்படையா, ஒற்றைப்படையா? எது உசத்தி என்று அடித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கை எந்தப் பக்கம் சாய்கிறது என்று முதலில் பாருங்கள். அதைத் தெரிந்துகொண்டாலே பாதிப் பயிற்சி முடிந்தது!

‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ கேட்டிருக்கிறீர்களா? மெட்டாலிக்கா, 1986. எட்டரை நிமிடப் பாட்டு. நிமிடத்துக்கு 210 தட்டைத் தாண்டும் வேகம். ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் அதன் பிரதான ரிஃப்பை அப் ஸ்ட்ரோக்கே இல்லாமல், வெறும் டவுன் ஸ்ட்ரோக்கால் அடிக்கிறார். நொடிக்கு 7 அடி! இன்றைக்கும் உலகம் பூராவும் பையன்கள் கை வலிக்க வலிக்க முயன்று பார்க்கும் பாட்டு அது!

எடி வான் ஹாலன் பிக்கைப் பிடித்தது கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே! ஆள்காட்டி விரல் காலியாக இருந்தது. அந்த விரலால்தான் ஃப்ரெட்டைத் தட்டி 1978-ல் ‘இரப்ஷன்’ வாசித்து ராக் உலகத்தையே புரட்டினார்!

சர்ஃப் இசையின் டிக் டேல் வாசித்த முதல் கம்பியின் கனம், அங்குலத்தில் ஆயிரத்தில் 16 பங்கு. சாதாரணமாக எலக்ட்ரிக் கிட்டாரில் போடுவது 9 அல்லது 10! அந்தத் தடிமனான கம்பிகளை இடைவிடாமல் அடித்து அடித்து பிக் உருகிப்போகும் என்பார் அவர். 1962-ல் அவர் வாசித்த ‘மிசர்லூ’ கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதியின் பழைய மெட்டு. அப்பா லெபனான் வம்சாவளி. இடது கைக்காரரான அவருடைய மீட்டும் கைக்கு அந்தப் படபடப்பு வந்தது அரபுத் தோல் கருவித் தாளத்திலிருந்து! 1994-ல் ‘பல்ப் ஃபிக்‌ஷன்’ தொடங்கும்போது அதிர்ந்தது அந்தக் கைதான்!

க்வீன் குழுவின் பிரையன் மே பிக்கே வைத்துக்கொள்வதில்லை. நாணயம்! பழைய பிரிட்டிஷ் ஆறு பென்னி. அதன் ஓரத்தில் இருக்கும் பல் வெட்டு கம்பியில் உரசும்போது எழும் கரகரப்பு வேறு எதிலும் வராது. 1980-ல் அந்த நாணயமே செல்லாக்காசானது. மேடையில் மட்டும் இன்னும் செல்கிறது! அந்த மனிதர் 2007-ல் வானியற்பியலில் டாக்டர் பட்டமும் வாங்கினார்!

ஒரு காலத்தில் உயர்ந்த பிக் எதில் செய்தார்கள்? அழுங்காமை ஓட்டில்! நம் மன்னார் வளைகுடாவிலும் நீந்துகிறதே, அதே அழுங்காமை. 1970களில் அதன் சர்வதேச வணிகத்துக்குத் தடை விழுந்தது.

1922-ல் நியூயார்க்கில் லூயிஜி டி'ஆண்ட்ரியா செல்லுலாய்டு தகடை வெட்டி பிக் செய்ய ஆரம்பித்தார். பழைய சினிமாச் சுருளும் செல்லுலாய்டுதான். 2014 வரை டேபிள் டென்னிஸ் பந்தும் செல்லுலாய்டுதான்!

டேபிள் டென்னிஸ் பந்து என்றதும் இன்னொன்று. கிளாசிக்கல் கிட்டார் கலைஞருக்குக் கச்சேரிக்கு முந்தின நாள் நகம் உடைந்தால் என்ன செய்வார்? டேபிள் டென்னிஸ் பந்தைப் பிறை வடிவில் கத்தரித்து, நகத்துக்கு அடியில் பசை போட்டு ஒட்டிக்கொள்வார்! நகத்தை வழவழப்பாக்கத் தேய்ப்பது மிக நைசான உப்புத்தாளில்!

கடையில் வண்ண வண்ணமாக பிக் பார்த்திருப்பீர்கள். டன்லப் டார்டெக்ஸ் வகையில் நிறம்தான் அளவு. சிவப்பு 0.50 மில்லிமீட்டர், ஆரஞ்சு 0.60, மஞ்சள் 0.73, பச்சை 0.88, நீலம் 1.0, ஊதா 1.14. சிவப்புக்கும் ஊதாவுக்கும் வித்தியாசம் முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை. கையில் எடுத்து அடித்துப் பாருங்கள். வேறு கிட்டாரோ என்று சந்தேகம் வரும்!

பாட் மெத்தேனி, ஸ்டீவி ரே வான் இருவருமே பிக்கைத் தலைகீழாகப் பிடித்தவர்கள்! கூர்முனை உள்ளே, மழுங்கிய மூலை கம்பியில். அந்த உருண்டு திரண்ட நாதம் அதிலிருந்துதான்!

நான் ஆரம்பக்காரர்களுக்கு ஓயாமல் சொல்வது ஒன்று. பிக் நுனி விரலுக்கு வெளியே 3, 4 மில்லிமீட்டர் எட்டிப் பார்த்தால் போதும். அதற்கு மேல் நீட்டினால் கம்பிக்குள் ஆழமாகப் போய்ச் சிக்கும். ஒரு மில்லிமீட்டர் உள்ளே இழுத்தால் அதே நாளில் வேகம் கூடும். பைசா செலவில்லாத முன்னேற்றம்!

பிக்கே வேண்டாம் என்றவர்களின் கதை இன்னும் ருசி!

வெஸ் மான்ட்காமரி. இண்டியானாபோலிஸ்காரர். பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் கிளப்பில் வாசிப்பு. வீட்டில் பயிற்சி செய்தால் பக்கத்து வீட்டார் சத்தம் என்று புகார் சொன்னார்கள். மனிதர் பிக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கட்டைவிரல் சதையால் மெதுவாக வாசித்தார். அந்தப் பட்டு போன்ற நாதம்தான் 1960-ல் ஜாஸ் உலகத்தை ஆட்டியது. தனி வாசிப்பின் ஓட்டம் கிட்டத்தட்ட முழுக்க டவுன் ஸ்ட்ரோக்! பக்கத்து வீட்டாருக்கு ஜாஸ் ரசிகர்கள் எல்லோரும் நன்றி சொல்லணும்!

ஜெஃப் பெக் 1980களில் பிக்கை ஓரம் கட்டினார். ஏற்கெனவே உலகப் புகழ் வந்த பிறகு! கட்டைவிரல் மீட்ட, அதே கையின் சுண்டுவிரல் வால்யூம் குமிழைத் திருக, ட்ரெமலோ ஆர்மும் அதே பிடிக்குள். ஒரு கையில் மூன்று வேலை!

மார்க் நாஃப்லர் பிறவியில் இடது கைக்காரர். ஆனால் வலது கைக்காரர் மாதிரிதான் கிட்டார் பிடிக்கிறார்! கேரி மூரும் அப்படியே. ராபர்ட் ஃபிரிப்பும் அப்படியே. மூவரும் பழக்கமில்லாத கையால் கம்பியை மீட்டி உலகப் புகழ் பெற்றார்கள்!

கென்டக்கியின் மெர்ல் ட்ராவிஸ் மீட்டியது கட்டைவிரல், ஆள்காட்டி விரல் இரண்டால் மட்டும். பேஸ், தாளம், மெட்டு மூன்றும் ஒரே சமயத்தில் கேட்கும்! இதை ரேடியோவில் கேட்டான் ஒரு பையன். பார்க்க வழியில்லை. இவ்வளவு சத்தம் வர நிறைய விரல் வேண்டும் என்று நினைத்து, கட்டைவிரலோடு மூன்று விரலைச் சேர்த்துப் பழகிவிட்டான். அந்தப் பையன்தான் செட் அட்கின்ஸ். தப்புக் கணக்கில் பிறந்த பாணி, 14 கிராமி விருது!

அதே செட் அட்கின்ஸ் தனக்குப் பிடித்த கிட்டாரிஸ்ட்டுகளுக்கு ஒரு பட்டம் கொடுத்தார். வாங்கியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆஸ்திரேலியாவின் டாமி இம்மானுவேல் அதில் ஒருவர், 1999-ல்!

எலிசபெத் காட்டன் பாட்டியைத் தெரியுமா? இடது கைக்காரர். கிடைத்தது வலது கைக் கிட்டார். கம்பியை மாற்றாமல் அப்படியே தலைகீழாகத் திருப்பி வாசித்தார்! அதனால் கட்டைவிரல் மெட்டை வாசிக்கும், மற்ற விரல்கள் பேஸ் வாசிக்கும். உலகமே ஒரு பக்கம், அவர் கை மறு பக்கம்! சிறுமியாக இருந்தபோதே ‘ஃப்ரெய்ட் ட்ரெயின்’ பாட்டைக் கட்டினார். பிறகு பல பத்தாண்டுகள் கிட்டாரையே தொடவில்லை. பீட் சீகர் குடும்பத்தில் வீட்டு வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் மறுபடி எடுத்தார். 1985-ல் கிராமி விருது. அப்போது வயது 90-ஐத் தொட்டாயிற்று!

டாக் வாட்சன். கண் பார்வை கிடையாது. நடனக் குழுவில் பிடில்காரர் இல்லை என்பதற்காக, பிடில் மெட்டுகளையே எலக்ட்ரிக் கிட்டாரில் பிக்கால் அடித்தார். அந்த நெருக்கடியில் பழகிய வேகம்தான் பின்னால் அகூஸ்டிக் கிட்டாருக்கு வந்து ஃப்ளாட் பிக்கிங் உலகையே மாற்றியது. மெர்ல் ட்ராவிஸ் மேல் அவ்வளவு பக்தி. மகனுக்கே மெர்ல் என்று பெயர் வைத்தார்!

மேபெல் கார்ட்டர் 1927-ல் பிரிஸ்டலில் முதல் தடவை ஒலிப்பதிவு செய்தார். கட்டைவிரல் பேஸ் கம்பியில் மெட்டு வாசிக்க, ஆள்காட்டி விரல் மேல் கம்பிகளை வருடித் தாளம் போடும். அவர் கை செய்ததை இன்றும் நாட்டுப்புற கிட்டார் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறார்கள். கிட்டத்தட்ட நூறு வயது வித்தை!

பீட்டில்ஸ் ரிஷிகேஷ் வந்த கதை எல்லாருக்கும் தெரியும். அங்கே என்ன நடந்தது தெரியுமா? 1968-ல் ஆசிரமத்தில் பாடகர் டோனோவன் ஜான் லெனனுக்கு விரலால் மீட்டும் முறையைச் சொல்லிக் கொடுத்தார். ‘டியர் ப்ரூடன்ஸ்’, ‘ஜூலியா’ இரண்டும் அந்தப் பாடத்தில் முளைத்தவை. கங்கைக் கரையில் ஒரு வலது கைப் பாடம்!

ஃப்ளீட்வுட் மேக்கின் லிண்ட்சே பக்கிங்ஹாம் விரலால் மீட்டிய பாட்டு ‘நெவர் கோயிங் பேக் அகெய்ன்’. 1977-ல் வந்த ‘ரூமர்ஸ்’ ஆல்பம். நாதம் புத்தம் புதிதாக ஒலிக்க வேண்டும் என்று ஒலிப்பதிவின்போது 20 நிமிடத்துக்கு ஒரு தடவை கம்பி மாற்றினார்களாம்!

பிரேசிலின் ஜோவாவ் ஜில்பெர்ட்டோ அக்கா வீட்டுக் குளியலறையில் பூட்டிக்கொண்டு பயிற்சி செய்தார்! சுவர் எதிரொலியில் ஒவ்வொரு மீட்டலும் துல்லியமாகக் கேட்கும். கட்டைவிரல் சாம்பாவின் பெரிய முரசு, மற்ற விரல்கள் சின்ன முரசு. ஊர்வலம் முழுவதும் ஒரு கைக்குள்! 1958-ல் அது போசா நோவாவாக வெளியே வந்தது.

நகமா, சதையா? 200 வருடச் சண்டை! ஃபெர்னாண்டோ சோர் நகமில்லாமல் மீட்டினார். டியோனிசியோ அகுவாடோ நகத்தால் மீட்டினார். சண்டை போட்டார்களா? இல்லை! பாரிஸில் ஒரே கட்டடத்தில் குடியிருந்தார்கள். இருவரும் சேர்ந்து வாசிக்க சோர் ஒரு இரட்டைக் கிட்டார் இசையே எழுதினார். அதன் பெயர் ‘இரு நண்பர்கள்’!

கிட்டார் மேதை டாரெகா வயதான காலத்தில் நகத்தை வெட்டிவிட்டுச் சதைக்கு மாறினார். பின்னால் வந்த செகோவியா நகத்தோடு மீட்டினார், கிளாசிக்கல் உலகில் நகமே ஜெயித்தது!

அந்த டாரெகாவின் ‘ரெக்குயர்தோஸ் தே லா அல்ஹாம்ப்ரா’ கேளுங்கள். 1899-ல் எழுதியது. மெட்டு வில் போட்டு இழுத்தது போல நீளமாகக் கேட்கும். உண்மையில் அது நொறுங்கிய துகள்கள்! கட்டைவிரல் ஒன்று, பிறகு மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி மூன்றும் ஒரே நோட்டில். நொடிக்குச் சுமார் 10 மீட்டல்! காது ஏமாறுகிறது, மனம் கரைகிறது!

மௌரோ ஜுலியானி 1812-ல் வியன்னாவில் வெளியிட்ட பயிற்சிப் புத்தகத்தில் 120 வலது கைப் பயிற்சிகள். இடது கைக்கு எத்தனை கார்டு? இரண்டே இரண்டு! ஸி, ஜி7. இடது கையை அப்படியே சும்மா உட்கார வைத்துவிட்டு வலது கையை மட்டும் 120 விதமாக ஓட வைத்திருக்கிறார். 200 வருடம் ஆகியும் இதை மிஞ்சும் வலது கைப் பாடத்தை நான் பார்க்கவில்லை. வாங்கிப் பழகுங்கள்!

1980 டிசம்பர் 5, சான் ஃபிரான்சிஸ்கோ. மேடையில் மூன்று கிட்டார். ஜான் மெக்லாஃப்லின் கையில் பிக். அல் டி மியோலா கையில் பிக். பாகோ டி லூசியா கையில் ஒன்றுமில்லை! இரண்டு பிக்கின் வேகத்துக்கும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டை மாற்றி மாற்றி ஓட்டியே ஈடு கொடுத்தார். கட்டைவிரலையே பிக் போல மேலும் கீழும் வீசுவதும் ஃப்ளமெங்கோவில் உண்டு. அந்த இரவின் பதிவு ஆல்பமாக வந்தது. கேட்டுப் பாருங்கள், யார் கையில் பிக் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே ஒரு விளையாட்டு!

அதே மெக்லாஃப்லின் வீணை கற்றவர், தெரியுமா? அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நம் டாக்டர் எஸ். ராமநாதனிடம்! 1970களில் அவர் அமைத்த சக்தி குழுவில் கடம் விக்கு விநாயக்ராம். 2024-ல் சக்திக்கு கிராமி கிடைத்தபோது குழுவில் இருந்தவர் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ்!

வீணையின் வலது கையைக் கவனித்திருக்கிறீர்களா? ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மெட்டு வாசிக்க, சுண்டுவிரல் பக்கத்துத் தாளத் தந்திகளை மீட்டி ஆதி தாளமோ ரூபகமோ காட்டும். கிளாசிக்கல் கிட்டாரில் அநேகமாக வேலையே இல்லாமல் சும்மா இருக்கும் விரல் அது. நம் ஊரில் தாளமே அதன் பொறுப்பு!

மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸ் 1983-ல் பெர்லின் ஜாஸ் விழாவில் வாசித்தபோது வயது சுமார் 14. ஒற்றைக் கம்பிகள் ஐந்து போட்ட எலக்ட்ரிக் மாண்டலின். ஒரு பிக் அடிக்குள் முழு கமகமும் வழுக்கி வரும். பிக் எப்போது அடிக்கணும் என்பது போலவே எப்போது அடிக்கக் கூடாது என்பதும் தெரிந்த கை அது!

இளையராஜா கிளாசிக்கல் கிட்டார் முறையாகப் படித்து, லண்டன் டிரினிட்டி தேர்வு எழுதியவர்! அவருடைய 100-வது படம் 1980-ல் வந்த ‘மூடுபனி’. அதில் ‘என் இனிய பொன் நிலாவே’ பாட்டைக் கிட்டாரை மட்டும் கவனித்துக் கேளுங்கள். வலது கை எங்கே அழுத்துகிறது, எங்கே விடுகிறது என்று காது பிடித்துவிடும்!

பிக் எவ்வளவு பழசு? அரபு நாட்டு ஊத் வாத்தியத்துக்குக் கழுகு இறகின் தண்டுதான் பிக்! ஐரோப்பிய லூட் வாத்தியக்காரர்களும் முதலில் இறகால்தான் மீட்டினார்கள். 15-ம் நூற்றாண்டின் கடைசியில், ஒரே நேரத்தில் பல குரல் வாசிக்க ஆசைப்பட்டு இறகை விட்டுவிட்டு விரலுக்கு வந்தார்கள். ஜெஃப் பெக்குக்கு 500 வருடம் முன்னாலேயே!

நைல் ராட்ஜர்ஸ் கையைப் பாருங்கள். 1979-ன் ‘குட் டைம்ஸ்’ ஆகட்டும், 2013-ன் ‘கெட் லக்கி’ ஆகட்டும், வலது கை ஆடிக்கொண்டே இருக்கும். நிற்கவே நிற்காது! எந்த அடி சத்தமாகக் கேட்கணும் என்பதை இடது கையின் அழுத்தம் தீர்மானிக்கும். பாதி அடி வெறும் ‘சிக் சிக்’. அந்த ‘சிக் சிக்’ போனால் பாட்டே போச்சு!

பாம் மியூட் செய்யும்போது உள்ளங்கை ஓரத்தை பிரிட்ஜ் மேல் வையுங்கள். கம்பி பிரிட்ஜை விட்டு எழும்பும் இடத்தில் சதை லேசாகப் பட்டால் ‘டும் டும்’. ஒரு விரற்கடை முன்னால் போனால் ‘தப் தப்’. செத்த கம்பி! நல்ல ரிதம் கிட்டாரிஸ்ட் பாட்டு நடுவிலேயே அந்த இடத்தை முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டே இருப்பார். அரங்கிலிருந்து பார்த்தால் கை அசைந்ததே தெரியாது!

கை அசைய மறுத்தால்? அமெரிக்க கிளாசிக்கல் கலைஞர் டேவிட் லைஸ்னருக்கு வலது கையில் ஃபோக்கல் டிஸ்டோனியா வந்தது. விரல்கள் சொன்ன பேச்சு கேட்கவில்லை. சுமார் 12 ஆண்டுகள்! மனிதர் விடவில்லை. நடுவில் இரண்டு விரலால்கூட மேடை ஏறினார். தோள், மேல் கை போன்ற பெரிய தசைகளுக்கு வேலையைப் பகிர்ந்து கொடுத்துத் தானாகவே வழி கண்டு, முழுக் கச்சேரிக்குத் திரும்பினார். அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன், வாசிக்கும்போது தோளை இறுக்காதீர்கள். மரத்துப்போனாலோ விரல் தானாக மடங்கினாலோ வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்!

மெதுவாக வாசி, பிறகு வேகம் தானாக வரும் என்பார்கள். ட்ராய் கிரேடி சொல்வது வேறு. மெதுவாக வாசிக்கும்போது கை என்ன தப்புச் செய்தாலும் தெரியாது, எல்லாப் பாதையும் சரிபோலவே இருக்கும். முதலில் ஒரே கம்பியில், ஒரே நோட்டில், முடிந்த மட்டும் வேகமாக, இறுக்கமில்லாமல் அடித்துப் பாருங்கள். கை தானாகத் தேர்ந்தெடுக்கும் அசைவு எது என்று தெரியும். மணிக்கட்டா, முன்கைச் சுழற்சியா, முழங்கையா? ஒவ்வொருவருக்கும் ஒன்று! என் ஓட்டு இந்தக் கட்சிக்குத்தான்.

உங்கள் போனில் ஸ்லோ மோஷன் வசதி இருக்கிறதல்லவா? கிட்டார் கழுத்துப் பக்கம் போனைச் சாய்த்து வைத்து, வலது கையை மட்டும் அரை நிமிடம் படம் எடுங்கள். பிக் கம்பிக்கு வெளியே எழும்புவது மேலே போகும்போதா, கீழே வரும்போதா என்று பாருங்கள். இன்றைக்கே பாருங்கள்!